தேடல் முடிவுப் பக்கத்தை அழகாக்கினேன், இப்போது யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தப்பு?

பழையதாள்:
வணக்கம். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கும் ஒரு சின்னத் தளத்தில் தேடல் பகுதி என் பொறுப்பு. முன்பு முடிவுகள் வெறும் பட்டியலாக வரும்: நீலத் தலைப்பு, கீழே இரண்டு வரி, அதற்கும் கீழே இதழின் பெயரும் ஆண்டும். ரொம்பப் பழசாக இருக்கிறது என்று குழுவில் எல்லோரும் சொன்னதால் மூன்று மாதத்துக்கு முன் மொத்தமாக மாற்றிவிட்டேன். இப்போது வரிசைக்கு மூன்று கார்டு, ஒவ்வொன்றிலும் பெரிய அட்டைப்படம், கீழே ஒரே வரியில் தலைப்பு (நீளமாக இருந்தால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும்), அப்புறம் மெல்லிய சாம்பல் எழுத்தில் இரண்டு வரி. பக்க எண் கிடையாது, கீழே போகப் போகத் தானாக வந்துகொண்டே இருக்கும்.

தேடுபவர்கள் முடிவுகளைத் திறப்பது குறைந்துவிட்டது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். எங்கள் வாசகர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மீதி ஆய்வு மாணவர்கள். ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, அந்தக் கட்டுரையை எடுத்துட்டீங்களா, போன மாசம் இருந்ததே" என்றார். எடுக்கவில்லை, நான்காவது வரிசையில் அப்படியே இருக்கிறது. தேடும் நிரலில் நான் கை வைக்கவே இல்லை, மாறியது தோற்றம் மட்டும்தான். அடுத்த மாதம் பதிப்பகங்களின் விளம்பரத்தையும் இதே கார்டு வடிவில் நடுநடுவே போடும் திட்டம் இருக்கிறது, அதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இடப்பக்கம்:
வரிசைக்கு மூன்று கார்டு வைத்ததுதான் முதல் தப்பு. தேடல் முடிவை யாரும் படிப்பதில்லை, மேய்கிறார்கள். 2005இலேயே கூகுள் பக்கத்தில் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, மேல் இடது மூலையில் ஒரு முக்கோணத்துக்குள்தான் பார்வை குவிகிறது என்றார்கள். அடுத்த ஆண்டு, இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவரான ஜேக்கப் நீல்சன், ஆங்கில எழுத்து எஃப் மாதிரி கண் போகிறது என்றார்: மேலே ஒரு வரி முழுக்க, கொஞ்சம் கீழே இன்னொரு வரி பாதி, அப்புறம் இடது ஓரமாகவே நேராக இறக்கம். உங்கள் பழைய பட்டியலில் தலைப்புகள் எல்லாம் ஒரே இடது கோட்டில் தொடங்கியதால் அந்த இறக்கத்துக்கு வழி இருந்தது. மூன்று கார்டில் அந்தக் கோடே இல்லை. படமும் பெட்டியும் நிறைந்த முடிவுப் பக்கத்தில் கண் பந்து மாதிரி அங்கும் இங்கும் மோதி அலைகிறது என்று நீல்சனின் குழுவே 2019இல் எழுதியது.

இன்னொன்று. படங்கள் ஏறும்போது பக்கம் குதிக்கிறதா? உயரத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் தொடப் போகும் நேரத்தில் தலைப்பு கீழே நகர்ந்துவிடும், விரல் வேறெதையோ திறக்கும். வயதானவர்கள் இரண்டு முறை இப்படி ஏமாந்தால் மூன்றாவது முறை தொடவே பயப்படுவார்கள்.

மெய்யெழுத்து:
தமிழுக்கே உரிய சிக்கல்களைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வடிவமைப்பு அறிவுரைகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்தே வருகின்றன. நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம். ஒரே வரியில் தலைப்பை வெட்டினால் பெரும்பாலும் போவது கடைசிச் சொல், பழைய இதழ்களில் அந்தக் கடைசிச் சொல்லில்தான் விஷயமே இருக்கும். "தஞ்சைப் பெரிய கோவிலில் கண்ட" என்று ஆறு முடிவு வந்தால் எதைத் திறப்பது? இரண்டு வரி கொடுங்கள், முடிந்தால் மூன்று. வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், மேலே இகரக் குறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் நெருக்கினால் ஒன்றோடொன்று உரசும்.

தேடிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுகிறீர்களா? அதில் ஒரு குழி இருக்கிறது. ஒருவர் "கோவில்" என்று தேடுகிறார், கட்டுரையில் "கோவிலுக்கு" என்று இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் "லு" என்பது லகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். உங்கள் நிரல் "கோவில" வரை மட்டும் தடித்துக் காட்டினால் உகரக் குறி தனியே பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். பார்ப்பவருக்கு எழுத்துப் பிழை மாதிரித் தெரியும், ஸ்கேனே கோளாறு என்று நினைப்பார். முழுச் சொல்லையும் சேர்த்தே தடித்துக் காட்டுங்கள்.

அந்தச் சாம்பலையும் மாற்றுங்கள். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க வகுத்த டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 ஒளி வேறுபாடு கேட்கிறது. நாகரிகமாக இருக்கிறது என்று பலர் வைக்கும் வெளிர் சாம்பல் வெள்ளையின் மேல் 3ஐக்கூடத் தொடாது.

மலர்ப்பிரியை:
படத்தை முழுக்க எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி மலர் தேடுகிறவளுக்கு அட்டைப்படம்தான் அடையாளம், ஆண்டு மறந்திருக்கும், அட்டையில் மயில் இருந்தது நினைவிருக்கும். சின்னதாக, எல்லாம் ஒரே அளவில், வலது ஓரத்தில் வையுங்கள். அப்போது தலைப்புகளின் இடது கோடும் கெடாது.

அப்புறம் பக்க எண் வேண்டும். "இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக இருந்தது" என்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கும். கூகுளே 2021இல் கைப்பேசியிலும் 2022 டிசம்பரில் கணினியிலும் தொடர் ஸ்க்ரோல் கொண்டுவந்து, 2024இல் அதைக் கைவிட்டது.

ஊதாக்கோடு:
திறந்து பார்த்த முடிவு ஊதாவாக மாறுகிறதா? உங்கள் பெரியவருக்கு ஒருவேளை அதுதான் தேவை. ஆய்வு செய்கிறவர் ஒரே தேடலைப் பத்து நாள் தொடர்ந்து செய்வார், எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்பதை நிறம் சொல்லாவிட்டால் தலைப்பு தலைப்பாகத் திறந்து மூட வேண்டும்.

விளம்பரத் திட்டம் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எனக்கு இது முக்கியம். கூகுள் ஒரு காலத்தில் விளம்பரத்துக்குப் பின்னால் நிறப் பட்டை போட்டது, எழுத்தே படிக்கத் தெரியாதவருக்கும் அது வேறு என்று புரியும். 2013 ஜூனில் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி, விளம்பரத்தைப் பின்னணி நிறத்தாலோ கட்டத்தாலோ தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. அதன் பிறகும் பட்டை போய் மஞ்சள் முத்திரை வந்தது, 2016இல் அது பச்சையானது, அதாவது முடிவுகளில் தள முகவரி வரும் வரிக்கு அப்போது இருந்த அதே நிறம். 2020 ஜனவரியில் கணினியில் எல்லா முடிவுக்கும் தளச் சின்னம் வைத்து, அதே இடத்தில் விளம்பரத்துக்குக் கறுப்பில் ஒரு சிறு சொல் மட்டும் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, இரண்டே வாரத்தில் பின்வாங்கி, அந்தச் சின்னங்களைச் சிலருக்கு எடுத்தும் சிலருக்கு இடம் மாற்றியும் பார்க்கத் தொடங்கினார்கள். உங்கள் தளம் சின்னது, உங்களிடம் வருகிறவர்கள் நம்பி வருகிறார்கள். விளம்பரத்தை முடிவின் உடையில் நடுவில் உட்கார வைக்காதீர்கள். மேலேயோ கீழேயோ தனிப் பின்னணி நிறத்தில் "விளம்பரம்" என்று முழுச் சொல்லாகப் போடுங்கள்.

பழையதாள்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புள்ளி வட்டம் எங்கள் தளத்திலும் இருந்தது, மூன்று மாதமாக என் கண்ணில் படவில்லை, அவர் "இது என்ன முட்டை" என்று காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஊதா நிறத்தை நானே நிறுத்தியிருக்கிறேன், அட்டைப்பட வண்ணங்களோடு பொருந்தவில்லை என்பதற்காக.

வரிசைக்கு ஒரே முடிவு என்ற பட்டியலுக்கே திரும்பிவிட்டேன், சிறு படம் வலது ஓரத்தில், தலைப்பு இரண்டு வரி, பக்க எண் உண்டு. யாரும் சொல்லாத ஒன்றும் கிடைத்தது: அவர் தலைப்பைவிட ஆண்டைத்தான் முதலில் தேடுகிறார், 1950க்கு முந்தியது என்றால்தான் மேலே படிக்கிறார். அதனால் ஆண்டைத் தலைப்புக்கு முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். விளம்பரம் பற்றிக் குழுவில் இன்னும் பேசி முடியவில்லை, ஊதாக்கோடு எழுதியதை அப்படியே அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மெய்யெழுத்து:
ஆண்டு எல்லாவற்றுக்கும் நான்கு இலக்கமாக இருந்தால் அதுவே ஒரு நேர்க்கோடாகிவிடும், நல்லது. தேதி தெரியாத இதழ்களுக்கு அந்த இடத்தைக் காலியாக விடாமல் "ஆண்டு இல்லை" என்று போடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தலைப்புகள் மட்டும் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.