எக்ஸ்எச்சிஐ டிரைவர் ரிவ்யூ: பிழைகள் எங்கே தங்கியிருக்கின்றன?

கர்னலுக்குப் புதிதாக எழுதிய எக்ஸ்எச்சிஐ டிரைவர் (யுஎஸ்பி கண்ட்ரோலரை இயக்கும் மென்பொருள்) ஒன்று ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. பேட்ச் குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: க்யூஇமு எமுலேட்டரில் பூட் ஆகிறது, கீபோர்டு தட்டினால் எழுத்து வருகிறது, பென்டிரைவ் மவுண்ட் ஆகிறது. இந்த மாதிரி கோடில் நீங்கள் பார்த்த பிழைகளைப் பகிருங்கள். "லாக்கிங்கைக் கவனி" போன்ற பொது அறிவுரை வேண்டாம். எந்த ரெஜிஸ்டர், எந்த பிட், ஏன் உடைகிறது என்று சொன்னால் உதவும்.

* * *

க்யூஇமுவிலிருந்தே தொடங்கலாம். அதன் எக்ஸ்எச்சிஐ மாதிரி ஸ்க்ராட்ச்பேட் பஃபர், அதாவது கண்ட்ரோலர் தன் சொந்த வேலைக்குக் கேட்கும் மெமரி, ஒன்றுகூடக் கேட்பதில்லை. சாதனத்தின் விவரங்களைக் கண்ட்ரோலரோடு பகிரும் அமைப்பான கான்டெக்ஸ்ட்டின் அளவும் 32 பைட்தான். நிஜ சிப்பில் இந்த இரண்டும் மாறும். அதனால் "க்யூஇமுவில் ஓடுகிறது" என்றால் இந்த இரண்டு பாதைகளும் ஒருமுறைகூட ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ராட்ச்பேட் எண்ணிக்கை எச்சிஎஸ்பேராம்ஸ்2 ரெஜிஸ்டரில் இரண்டு துண்டாக இருக்கிறது. கீழ் 5 பிட் 31:27-இல், மேல் 5 பிட் 25:21-இல். கீழ்த் துண்டை மட்டும் படிக்கும் கோடு அடிக்கடி கண்ணில் படும். 31-க்கு மேல் கேட்கும் சிப்பில் அது குறைவாக ஒதுக்கிவிடும். கண்ட்ரோலர் தனக்குத் தராத பக்கத்தில் எழுதப் போகும். சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு இருந்தால் ஃபால்ட் தெரியும், இல்லாவிட்டால் யாருடைய மெமரி கெட்டது என்றே தெரியாது. பஃபரின் அளவு பேஜ்சைஸ் ரெஜிஸ்டர் சொல்வது, கர்னலின் பக்க அளவு அல்ல. பூஜ்ஜியமாக்கித் தர வேண்டும். பஃபர் முகவரிகளை அடுக்கிய வரிசையின் முகவரி, கான்டெக்ஸ்ட் முகவரிகளை வைக்கும் டிசிபிஏஏ பட்டியலின் 0-ஆவது இடத்தில் போகும், ஸ்லாட்டுகள் (சாதனத்துக்கு ஒன்று) 1-இலிருந்து.

தொடக்க வரிசையையும் ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராகப் பாருங்கள். முதலில் பயாஸிடமிருந்து கைமாற்றம்: நீட்டிப்புத் திறன் பட்டியலில் எண் 1 உள்ளதைத் தேடி, 24-ஆவது பிட்டை எழுதி, 16-ஆவது பிட் விழும்வரை அதிகபட்சம் ஒரு நொடி காத்திருத்தல். பட்டியலின் தொடக்கம் டிவேர்ட் (4 பைட்) கணக்கில் இருக்கும், அதை நான்கால் பெருக்க வேண்டும். பைட் என்று நினைத்துப் படித்தால் குப்பைதான் வரும், "பயாஸ் ஆதரவு இல்லை" என்று கோடு அமைதியாகக் கடந்துவிடும். பிறகு ஓட்டத்தை நிறுத்தி நின்றுவிட்டது என்று சொல்லும் எச்சிஎச் பிட் வரும்வரை காத்திருக்க வேண்டும், விவரக்குறிப்பு 16 மில்லிநொடி தருகிறது. அடுத்தது ரீசெட். ரீசெட் பிட் விழுந்தால் போதாது, நிலை ரெஜிஸ்டரின் 11-ஆவது பிட்டான சிஎன்ஆரும் (கண்ட்ரோலர் இன்னும் தயாரில்லை) விழ வேண்டும். அதுவரை நிலை ரெஜிஸ்டரைத் தவிர எந்த ஆபரேஷனல் ரெஜிஸ்டரிலும் எழுதக்கூடாது. இன்டெல் கண்ட்ரோலர்களுக்கு ரீசெட் பிட்டை எழுதியதும் 1 மில்லிநொடி எதையும் தொடாமல் இருக்கும் சிறப்பு விதி லினக்ஸில் உண்டு. புதிய டிரைவரில் அது இல்லையென்றால் கேளுங்கள்.

* * *

ஒவ்வொரு போர்ட்டின் நிலையையும் காட்டும் போர்ட்எஸ்சி ரெஜிஸ்டரைப் பற்றி யாராவது சொல்லியே ஆகணும்.

அதில் 1-ஆவது பிட், அதாவது போர்ட் இயக்கத்தில் உள்ளதா என்பது, 1 எழுதினால் அணையும் வகை. 17 முதல் 23 வரையுள்ள மாற்ற பிட்டுகளும் 1 எழுதினால் அழிபவை. படி, ஒரு பிட்டைச் சேர், திரும்ப எழுது என்று வழக்கம்போல எழுதினால், ஓடிக்கொண்டிருக்கும் போர்ட் அணையும்; பார்க்காத மாற்றங்களும் அழியும். எழுதும் முன் இந்த பிட்டுகளை மறைக்கும் ஒரே ஒரு உதவிச் சார்பு இருக்கணும், போர்ட்எஸ்சி எழுதும் எல்லா இடமும் அதன் வழியே போகணும். கிரெப் போட்டு எண்ணிப் பாருங்க.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மாற்ற பிட்டுகள் அனைத்தையும் ஓஆர் (அல்லது) செய்து வரும் சமிக்ஞை 0-இலிருந்து 1-க்கு ஏறும்போது மட்டும்தான் போர்ட் நிகழ்வு வரும். ஒரு பிட்டை அழிக்காமல் விட்டால் அது உயர்ந்தே நிற்கும், அந்த போர்ட்டிலிருந்து இனி நிகழ்வு வராது. "முதல் தடவை செருகினால் தெரிகிறது, கழற்றிச் செருகினால் தெரியவில்லை" என்று புகார் வந்தால் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

இன்னொன்று: ஒரே சாக்கெட்டுக்கு யுஎஸ்பி 2 பக்கம் ஒரு எண், யுஎஸ்பி 3 பக்கம் வேறு எண். எது எது என்று எண் 2 உள்ள நீட்டிப்புத் திறன்தான் சொல்லும். யுஎஸ்பி 3 போர்ட் இணைப்புப் பயிற்சி முடிந்ததும் தானாக இயங்கும். யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு ரீசெட் கொடுத்தே ஆகணும்.

* * *

ரிங் பற்றி, அதாவது டிரைவரும் கண்ட்ரோலரும் வேலை பரிமாறும் வட்ட வரிசை பற்றி. அதன் ஒரு பதிவான டிஆர்பி 16 பைட். ஒரு 4 கேபி பக்கத்தில் 256 அடங்கும். ரிவ்யூ முழுவதும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நொடியில் இந்த 16 பைட்டுக்கு யார் சொந்தக்காரர், டிரைவரா கண்ட்ரோலரா? அதைத் தீர்மானிப்பது கடைசி டிவேர்டின் 0-ஆவது பிட், அதாவது சைக்கிள் பிட்.

ஆகவே அது கடைசியாக எழுதப்பட வேண்டும், அதற்கு முன்னால் எழுதும் வரிசை மாறாமல் காக்கும் ரைட் பேரியர். பல டிஆர்பி கொண்ட ஒரு டிடியில் (ஒரே பரிமாற்றத்துக்கான தொகுப்பு) முதல் டிஆர்பியின் சைக்கிள் பிட் எல்லாவற்றுக்கும் கடைசி. இல்லாவிட்டால் பாதி எழுதிய டிடியை கண்ட்ரோலர் எடுத்து ஓட்டிவிடும். நிகழ்வு ரிங்கில் தலைகீழ்: சைக்கிள் பிட்டைப் படி, ரீட் பேரியர், பிறகே மற்றதைப் படி. எக்ஸ்86-இல் பேரியர் இல்லாமலும் ஓடும், ஆர்ம் போர்டில் சுமை ஏறும்போது பழைய முகவரியோடு நிகழ்வு வரும். புதிய வேலை இருக்கிறது என்று கண்ட்ரோலருக்குச் சொல்லும் டோர்பெல்லை அடிப்பதற்கும் இதே கவனம். லினக்ஸின் ரைட்எல் பேரியரைத் தன்னுள் வைத்திருக்கிறது, அதன் ரிலாக்ஸ்ட் வடிவம் வைத்திருக்கவில்லை. "வேகத்துக்காக மாற்றினேன்" என்று யாராவது எழுதியிருந்தால் நின்று படியுங்கள்.

ரிங்கின் தொடக்கத்துக்குத் திருப்பும் லிங்க் டிஆர்பியில் சைக்கிள் நிலையை மாற்றும் டாகிள் பிட் உள்ளதா, டிடி அதைத் தாண்டிப் போகும்போது செயின் பிட் வைக்கிறார்களா, ஒரு டேட்டா பஃபர் 64 கேபி எல்லையைத் தாண்டினால் வெட்டுகிறார்களா? இந்த மூன்றும் சாதாரண சோதனையில் அபூர்வமாகவே தட்டுப்படும். அதனால் ரிங்கை 16 டிஆர்பியாகச் சுருக்கி ஓட்டச் சொல்லுங்கள். சுற்று வருவது நொடிக்கு நொடி நடக்கும். மாதக்கணக்கில் ஒளிந்திருக்க வேண்டியது அரை மணியில் வெளியே வரும்.

நிகழ்வு ரிங்கின் படிப்பு முகவரியை எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். எல்லா நிகழ்வையும் முடித்த பிறகு ஒரே ஒருமுறை என்றால், அடைமழையாக நிகழ்வு வரும்போது ரிங் நிறைந்து 21-ஆம் குறியீடு வரும். பாதி ரிங்குக்கு ஒருமுறையாவது நகர்த்த வேண்டும்.

* * *

ரிங்கைப் பற்றிய பகுதியை எல்லோரும் கவனமாக எழுதுகிறார்கள், கவனமாகப் படிக்கவும் செய்கிறார்கள். மேலே கேட்ட "யார் சொந்தக்காரர்" கேள்வி நிஜமாகக் கடிப்பது ரத்து செய்யும் பாதையில். அங்கேதான் பேட்ச்கள் விழுகின்றன.

மேல் அடுக்கு ஒரு கோரிக்கையை ரத்து செய்யச் சொல்கிறது. அந்த பஃபர் இன்னும் கண்ட்ரோலர் கையில். உடனே "முடிந்தது" என்று திருப்பிக் கொடுத்தால் மேல் அடுக்கு மெமரியை விடுவிக்கும், கண்ட்ரோலர் அதில் எழுதும். சரியான வரிசை: எண்ட்பாயின்ட்டை (சாதனத்தின் ஒரு தரவு வழி) நிறுத்தும் ஸ்டாப் எண்ட்பாயின்ட் கட்டளை; நடுவில் நின்ற டிடிக்கு நின்றது என்று சொல்லும் 26, 27 அல்லது 28 குறியீட்டோடு பரிமாற்ற நிகழ்வு; பிறகு கட்டளை முடிந்த நிகழ்வு. நின்ற டிடிதான் ரத்தாக வேண்டியது என்றால் படிக்கும் இடத்தை மாற்றும் செட் டிஆர் டீக்யூ கட்டளை மூலம் அடுத்த டிடிக்கு நகர்த்து, அந்த இடத்துக்குரிய சைக்கிள் நிலையையும் சேர்த்துக் கொடு. இல்லையென்றால் அந்த டிஆர்பிகளை நோ-ஆப் (எதுவும் செய்யாதது) ஆக்கு, சைக்கிள் பிட்டைத் தொடாமல். டீக்யூ கட்டளையும் முடிந்த பிறகே கோரிக்கையைத் திருப்பிக் கொடு, பிறகு டோர்பெல்.

இதன் நடுவே, சாதனம் கோரிக்கையை மறுக்கும் ஸ்டால் வந்து எண்ட்பாயின்ட் ஹால்ட் ஆகியிருந்தால் ஸ்டாப் கட்டளை 19-ஆம் குறியீட்டோடு, நிலை தவறு என்று திரும்பும். அதைப் "பிழை, லாக் செய், போ" என்று எழுதிய கோடில் ரத்து என்றுமே முடியாது, அதற்காகக் காத்திருக்கும் த்ரெட் தொங்கும். அங்கே ரீசெட் எண்ட்பாயின்ட், பிறகு டீக்யூ நகர்த்தல். சாதாரண ஸ்டாலுக்கும் இதே இரண்டுதான், கூடவே சாதனத்துக்கு ஹால்ட் நீக்கும் கோரிக்கை. எண்ட்பாயின்ட் 0-க்கு அந்தக் கடைசிக் கோரிக்கை தேவையில்லை.

கட்டளையே பதில் தராவிட்டால் கட்டளை ரிங்கை நிறுத்த வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் சிஆர்சிஆர் ரெஜிஸ்டரின் முகவரிப் பகுதி படிக்கும்போது எப்போதும் பூஜ்ஜியமாகவே வரும். படித்து, நிறுத்தும் பிட்டைச் சேர்த்து, 64 பிட்டை இரண்டு 32 பிட் எழுத்தாக அனுப்பினால், கீழ்ப்பாதி போனதும் ரிங் நின்றுவிடலாம். பின்னால் வரும் மேல்பாதிப் பூஜ்ஜியம் முகவரியின் மேல்பகுதியாகவே பதிந்துவிடும். ரிங்கை மறுபடி ஓட்டியதும் தவறான இடத்திலிருந்து படிக்கும். லினக்ஸிலேயே 2021-இல்தான் இது திருத்தப்பட்டது. புதிய டிரைவரில் இந்தப் பிழை இல்லாதிருக்க வாய்ப்பு குறைவு.

* * *

சின்னதாக ஒன்று. நிகழ்வில் வரும் நீளம் எவ்வளவு வந்தது என்பதல்ல, எவ்வளவு மீதி என்பது. அதுவும் அந்த ஒரு டிஆர்பிக்கு மட்டும், முழு டிடிக்கு அல்ல. பல டிஆர்பி இருந்தால் முந்தையவற்றின் நீளத்தைக் கூட்டி, இதன் நீளத்திலிருந்து மீதியைக் கழிக்க வேண்டும். கன்ட்ரோல் பரிமாற்றத்தில் டேட்டா கட்டத்தில் 13, அதாவது குறைந்த பாக்கெட், வந்தால் நீளத்தைக் குறித்துவைத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் கட்ட நிகழ்வு வரும்வரை காத்திரு. இரண்டிலும் கோரிக்கையை முடித்தால் இரட்டை விடுவிப்பு.

* * *

கான்டெக்ஸ்ட் பக்கம். எச்சிசிபேராம்ஸ்1-இன் 2-ஆவது பிட் 1 என்றால் ஒவ்வொரு கான்டெக்ஸ்ட்டும் 64 பைட். சி ஸ்ட்ரக்ட் வரிசையாக எழுதி குறியீட்டெண்ணால் அணுகும் கோடு 64 பைட் சிப்பில் முதல் அட்ரஸ் டிவைஸ் கட்டளையிலேயே 17-ஐ, அளவுரு தவறை, வாங்கும். அளவு ஒரு மாறியாக இருந்து, அதை வைத்து இடத்தைக் கணக்கிட வேண்டும்.

எண்ட்பாயின்ட் 0-இன் அதிகபட்ச பாக்கெட்: ஃபுல் ஸ்பீடில் 8, 16, 32, 64 எதுவும் இருக்கலாம். முதல் 8 பைட் டிஸ்கிரிப்டரைப் படித்து, வேறுபட்டால் எவால்யுவேட் கான்டெக்ஸ்ட். சூப்பர் ஸ்பீடில் டிஸ்கிரிப்டர் 9 என்று சொல்லும். அது அடுக்கு, பொருள் 512. அந்த 8 பைட்டைக் கர்னல் ஸ்டாக்கில் வாங்குகிறார்களா என்றும் பாருங்கள், ஸ்டாக்குக்கு டிஎம்ஏ கூடாது.

இன்டர்வல் கணக்கு எப்போதும் சந்தேகத்துக்குரியது. கண்ட்ரோலருக்கு வேண்டியது 125 மைக்ரோநொடியை எத்தனை முறை இரட்டிப்பது என்ற அடுக்கு எண். ஹை ஸ்பீடில் டிஸ்கிரிப்டர் மதிப்பிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். ஃபுல் ஸ்பீடு மவுஸ் 10 மில்லிநொடி கேட்டால் அது 80 மைக்ரோஃபிரேம், கீழே உருட்டினால் 64, அடுக்கு 6. நேரடியாக 10 என்று போட்டால் 128 மில்லிநொடி. மவுஸ் வேலை செய்யும், ஆனால் நொண்டும். பிழையென்று யாருக்கும் தோன்றாது.

ஹை ஸ்பீடு ஹப்புக்குப் பின்னால் ஃபுல் ஸ்பீடு சாதனம் வைத்துப் பார்த்தார்களா? ஹப்பின் ஸ்லாட் எண்ணும் போர்ட் எண்ணும் ஸ்லாட் கான்டெக்ஸ்ட்டில் போக வேண்டும். நேரடியாகச் செருகி மட்டும் சோதித்தவர்கள் இதை மறக்கிறார்கள்.

* * *

சாதனம் மட்டுமல்ல, கண்ட்ரோலரே கழன்று போகலாம். தண்டர்போல்ட் டாக்கைப் பிடுங்கினால் எந்த ரெஜிஸ்டரைப் படித்தாலும் எல்லா பிட்டும் 1. சிஎன்ஆர் விழும்வரை சுற்றும் லூப் முடியாது. எச்சிஎச் வரும்வரை காத்திருக்கும் லூப் உடனே "வெற்றி" என்று வெளியேறும், இது இன்னும் மோசம். ஒவ்வொரு காத்திருப்பிலும் நேர வரம்பும் "எல்லாம் 1" சோதனையும் இருக்க வேண்டும்.

உறக்கத்திலிருந்து எழும்போது நிலையை மீட்கச் சொல்லிவிட்டு, நிலை ரெஜிஸ்டரின் 10-ஆவது பிட்டைப் பார்க்கிறார்களா? அது 1 என்றால் மீட்பு தோல்வி, முழுத் தொடக்கமும் மறுபடி.

கோரிக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது லாக்கை விட வேண்டும், ஏனென்றால் மேல் அடுக்கு அதே அழைப்புக்குள் புதிய கோரிக்கையைப் போடும். விட்டுத் திரும்பி வரும்போது பழைய பட்டியல் சுட்டியை நம்பி நடந்தால் அது செத்த சுட்டி.

* * *

சோதனை கேட்பதென்றால் குறிப்பாகக் கேளுங்கள். இன்னொரு போர்டில் சோதனைக்கான யுஎஸ்பி சாதனமாக நடிக்கும் ஜி-ஜீரோ காட்ஜெட், இந்தப் பக்கம் யுஎஸ்பிடெஸ்ட் டிரைவர். அதை ஓட்டும் டெஸ்ட்யுஎஸ்பி கருவியின் சோதனைகளில் 9, 10 கன்ட்ரோல் பாதைக்கு, 11, 12 ரத்துக்கு, 13 ஹால்ட்டுக்கு. ரத்துப் பாதை தவறாக இருந்தால் 11-லேயே தெரியும். லினக்ஸ் அல்லாத கர்னல் என்றால் இதே வேலையைச் செய்யும் சோதனையை எழுதச் சொல்ல வேண்டியதுதான். ஐஓஎம்எம்யுவைக் கண்டிப்பான முறையில் வைத்து, மெமரி சோதனைக் கருவியை இயக்கி, 16 டிஆர்பி ரிங்கோடு ஓட்டிய லாக் இல்லாமல் ஒப்புதல் தர மாட்டேன். 64 பைட் கான்டெக்ஸ்ட் உள்ள ஒரு சிப்பும் 32 பிட் முகவரி மட்டுமே தாங்கும் ஒரு சிப்பும் பட்டியலில் இருக்கட்டும். இரண்டாவதில் 4 ஜிபிக்கு மேல் மெமரி இருந்தால்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம்.