ஆர்கேட் பெட்டி: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: வீட்டில் பேக்மேன் (பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்னும் பழைய வீடியோ கேம்) ஆட ஆர்கேட் பெட்டி, அதாவது விளையாட்டுக் கூடங்களில் நின்று ஆடும் கேம் பெட்டி ஒன்று வேண்டும். மரவேலை ஓரளவு தெரியும். பழையது வாங்கலாமா, நானே செய்யலாமா?

பதில் 1: நீங்களே செய்யுங்கள். என் முதல் பெட்டி 18 மி.மீ. பிளைவுட், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, பழைய எல்சிடி மானிட்டர், அவ்வளவுதான். பேக்மேனுக்கு நெட்டுவாக்குத் திரை வேண்டும். மானிட்டரைத் திருப்பி மாட்டுங்கள். அப்புறம், ஜாய்ஸ்டிக் நான்கு திசையில் மட்டும் போகட்டும். எட்டுத் திசையில் வைத்திருந்தபோது ஒவ்வொரு மூலையிலும் திருப்பம் தவறிப் பேயிடம் சிக்கினேன். ஜாய்ஸ்டிக்கின் அடியில் திசையைக் கட்டுப்படுத்தும் தகட்டைத் திருப்பிப் போட்டதும் சரியானது.

பதில் 2: பழையது என்றால் 1985-இல் வந்த ஜாமா முறைப் (பெட்டியையும் ஆட்டப் போர்டையும் இணைக்கும் பொது முறை) பெட்டியாகத் தேடுங்கள். 56 முனை இணைப்பு. ஆட்டம் இருக்கும் போர்டை மாற்றினால் அதே பெட்டியில் வேறு ஆட்டம். டியூப் மானிட்டருக்குள் மட்டும் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

கேட்டவர்: சரி, பிளைவுட்தான். பொத்தான் துளை எவ்வளவு?

பதில் 1: பெரும்பாலும் 30 மி.மீ. முதலில் துண்டுப் பலகையில் ஒன்று போட்டுப் பாருங்கள்.