அறுந்துபோவது வைஃபையா, யூஎஸ்பியா? அடாப்டரோடு பட்ட பாடு

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு பழைய மேசைக்கணினி இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 21 இயங்குதளம் நிறுவியிருந்தோம். மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் வந்து போட்டித் தேர்வுகளின் பழைய வினாத்தாள்களை இறக்கிக்கொள்வார்கள். வைஃபைக்காகக் கட்டைவிரல் நக அளவு யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே 8821சியு சிப். அந்தக் கணினியின் 5.15 கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், இந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் கிடையாது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு தன்னார்வலர் பராமரிக்கும் டிரைவரை எடுத்து, வெளி டிரைவர்களைக் கெர்னலுக்கேற்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் கருவி வழியாக நிறுவினேன். வேலை செய்தது. ஆனால் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் திரும்ப வரும்.

மூன்று வாரம் டிரைவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு இரண்டு பேருடைய டிரைவர்களையும் நிறுவிப் பார்த்தேன். மின்சேமிப்பை நிறுத்தினேன், ரூட்டரின் சேனலை மாற்றினேன். பாதி இறங்கிய கோப்பைப் பார்த்தபடி ஒரு மாணவி பேசாமல் எழுந்து போன மாலையில்தான், இனி ஊகிப்பதில்லை என்று முடிவு செய்து கெர்னல் தன் நிகழ்வுகளை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இணைப்பு அறுந்த நொடியில் வந்த வரி இது: யூஎஸ்பி துண்டிப்பு, சாதன எண் 7. அடுத்த முறை எண் 8. அப்புறம் 9. இதைக் கவனிக்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அடாப்டர் ரூட்டரை விட்டு விலகியிருந்தால் இந்த எண் மாறாது. எண் ஏறுகிறது என்றால் சாதனமே யூஎஸ்பி தடத்திலிருந்து விழுந்து, புதிய சாதனமாக மீண்டும் எழுகிறது. ஒவ்வொரு துண்டிப்புக்கும் முன்னால் இன்னொரு வரியும் இருந்தது: ஹப் (யூஎஸ்பி துளைகளை நிர்வகிக்கும் பகுதி) முடக்கிவிட்டது, மின்காந்த இடையூறா, மீண்டும் இயக்குகிறேன் என்ற பொருளில். கெர்னலே கேள்விக்குறி போட்டுக் கேட்கிறது. நான் அடாப்டரைச் செருகியிருந்தது பெட்டியின் முன்பக்கத் துளையில். அங்கிருந்து மதர்போர்டுக்குப் போவது ஒரு மெல்லிய ஒயர். பின்பக்கத் துளைக்கு மாற்றியதும் துண்டிப்பு பெருமளவு நின்றது.

முழுதாக நிற்கவில்லை. இதே அவதிப்பட்டவர்கள், உங்களுக்கு எது கைகொடுத்தது என்று எழுதுங்கள்.

*

நண்பரே, முன்பக்கத் துளை எனக்கும் பாடம் கற்பித்தது. எனக்கு நேர்ந்ததில் எதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மடிக்கணினியில் யூஎஸ்பி 3 வன்தட்டு ஒன்றைச் செருகிப் படங்களை நகலெடுக்கத் தொடங்கினால் வைஃபை தள்ளாடும், நகல் முடிந்ததும் சரியாகிவிடும். யூஎஸ்பி 3 தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகிறது. இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. நான் வாங்கியது ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள். அடாப்டரை வன்தட்டிலிருந்து தள்ளி மேசை விளிம்பில் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாறினேன். அதற்குப் பிறகு தொல்லை இல்லை. டிரைவரில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

*

நான் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். எங்களுக்கு வந்தது வேறு வகை. முந்தைய நாள் மாலை கெர்னல் புதுப்பிப்பு, மறுநாள் காலை எந்த அடாப்டரும் தெரியவில்லை. கெர்னல் மாறும்போது டிகேஎம்எஸ் டிரைவரைப் புதிதாகக் கட்டவேண்டும். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் (டிரைவரைக் கட்ட உதவும் நிரல் கோப்புகள்) தேவை. அவை நிறுவப்படாததால் கட்டுமானம் நின்றுவிட்டது. இரண்டு கணினிகளில் டிரைவர் சரியாகவே கட்டப்பட்டிருந்தும் ஏறவில்லை. கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தது. கையொப்பச் சாவி பதிவாகாததால் கெர்னல் டிரைவரை ஏற்க மறுத்தது. சாவியைப் பதிந்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் உறுதிசெய்த பிறகே ஏறியது. அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 8821சியு சிப்புக்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. மின்ட் 22-க்கு மாறினால் 6.8 கிடைக்கும், வெளி டிரைவர் தேவைப்படாது. ஆனால் அதை நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெளி டிரைவர்கள் பல, நிறுவும்போதே கெர்னலின் சொந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுகின்றன. டிரைவர்களை ஏற்றும் மோட்புரோப் கருவியின் அமைவுகள் இருக்கும் கோப்புறையில் அந்தத் தடைப்பட்டியல் கோப்பு மிச்சமிருந்தால், இருக்கிற டிரைவரும் ஏறாது. நான் அரைநாள் தேடியது அந்த ஒரே கோப்பைத்தான்.

*

ராஸ்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் குறுங்கணினி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பழைய கைப்பேசிச் சார்ஜரில் ஓட்டினேன், அடாப்டர் விழுந்துகொண்டே இருந்தது. பதிவில் மின்னழுத்தக் குறைவு என்று வந்திருந்தது. அந்தப் பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். சரியான மின்வழங்கி வந்த அன்றே தீர்ந்தது.

*

படிப்பகத்திலிருந்து மீண்டும் எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மின்ட் 22 நிறுவினேன். வட்டைத் துடைக்காமல் பழைய நிறுவலையே மேம்படுத்தியதால், ஆய்வக நண்பர் சொன்ன தடைக்கோப்பு அப்படியே இருந்தது. அதை நீக்கினேன். ஒரு மீட்டர் கேபிளும் வாங்கிவிட்டேன்.

மிச்சமிருந்த துண்டிப்புக்கும் காரணம் தெரிந்தது. சாதனம் இரண்டு நொடி சும்மா இருந்தால் அதை உறங்க வைக்கலாம் என்பது யூஎஸ்பி பகுதியின் இயல்பு அமைப்பு. டிரைவர் அனுமதித்தால்தான் உறக்கம் நடக்கும். என் கணினியில் முன்பு மின்சேமிப்புக்காக நிறுவிய ஒரு கருவி எல்லாச் சாதனங்களுக்கும் அந்த உறக்கத்தைத் திறந்துவிட்டிருந்தது. வைஃபை மின்சேமிப்பை நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இது அதனின்று வேறான அமைப்பு. இந்த அடாப்டருக்கு மட்டும் உறக்கம் வேண்டாம் என்று விதி எழுதி வைத்தேன்.

அந்தத் தன்னார்வலரின் பக்கத்தில் முன்பு நான் கோபமாக ஒரு புகார் எழுதியிருந்தேன். அதன் கீழேயே காரணத்தை விளக்கி, மன்னிப்பும் கேட்டு, மூடிவிட்டேன்.

நேற்று மாலை ஆறு முதல் ஒன்பது வரை பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதன எண் 4. படிப்பகத்தைப் பூட்டும்போதும் 4.