சொந்தப் பயணத்துக்கு செமி டிரக் வாங்கலாமா? உரிமம், பதிவு, வரி பற்றிய ஐயங்கள்

கேள்வி (நெடும்பயணி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெற்றதும் ஃபிப்த் வீல் வகை (முன்பகுதி இழுக்கும் வண்டியின் பின்தளத்தின் மேல் அமரும் வகை) டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கி, ஓராண்டு முழுவதும் மாநிலம் மாநிலமாகச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரின் மொத்த எடை வரம்பு (சுமையும் சேர்த்து) 19,000 பவுண்டு. அதைப் பிக்கப் வண்டியில் கட்டி இழுப்பதைவிட, சரக்கு நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் செமி டிரக்கின் முன்வண்டியை வாங்கிவிட்டால், மலை இறக்கங்களில் பிரேக் தாங்குமா என்ற கவலை இல்லாமல் போகலாம் என்று தோன்றுகிறது. நேரில் போய்ப் பார்த்த வண்டியின் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த தகட்டில் அதன் மொத்த எடை வரம்பு 52,000 பவுண்டு என்று இருந்தது.

சரக்கு ஏற்றவோ வாடகைக்கு ஓட்டவோ போவதில்லை. அப்படியிருந்தும் சி.டி.எல். எனப்படும் வணிக ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டுமா? வண்டியை வணிக வாகனமாகத்தான் பதிய முடியுமா? ‘வாடகைக்கு அல்ல’ என்று கதவில் எழுதி வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

பதில் 1 (அச்சாணி)

வணக்கம் ஐயா. உரிமத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலரும் குழம்புவது அங்கேதான்.

எடை 26,001 பவுண்டைத் தொட்டுவிட்டால் சி.டி.எல். கட்டாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1986ஆம் ஆண்டின் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி எழுந்த கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) விதிகள், எடையைச் சொல்வதற்கு முன்பே ‘வணிகத்தில் பயன்படும் வாகனம்’ என்ற நிபந்தனையை வைத்துவிடுகின்றன. ஆகவே, முற்றிலும் சொந்தப் பயணத்துக்காக ஓடும் வண்டிக்குக் கூட்டரசு சி.டி.எல். கேட்பதில்லை; என்ன கேட்பது என்பதை அந்தந்த மாநிலத்திடம் விட்டிருக்கிறது. அதனால் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டிவிடலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெக்சாஸில் இதற்கென்றே வணிகமல்லாத ‘ஏ’ வகுப்பு உரிமம் இருக்கிறது. முன்வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் என்றால் அதுதான் வேண்டும். உங்கள் முன்வண்டியும் டிரெய்லரும் இந்த இரண்டு அளவையும் தாண்டிவிடுகிறது. எழுத்துத் தேர்வு, அந்த வகைக்குப் பொருந்தும் வண்டியிலேயே ஓட்டுத் தேர்வு என இரண்டும் உண்டு. பென்சில்வேனியாவிலும் இப்படி வணிகமல்லாத வகுப்புகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவாசிகளுக்கு 15,000 பவுண்டைத் தாண்டும் ஃபிப்த் வீல் டிரெய்லருக்கே வணிகமல்லாத ‘ஏ’ தேவை. நியூயார்க்கில் 26,000 பவுண்டைத் தாண்டும் ஆர்.வி.க்கு (தங்கும் வசதி கொண்ட உல்லாசப் பயண வண்டிக்கு) ‘ஆர்’ என்ற ஒப்புதலைக் கார் உரிமத்திலேயே சேர்த்துத் தருகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் சொந்த மாநிலத்தின் விதியை. அங்கே செல்லும் உரிமம் பிற மாநிலங்களிலும் செல்லும்.

கணக்கில் எடுத்துக்கொள்வது தகட்டில் அச்சிட்ட வரம்பைத்தான் என்பதையும் கவனியுங்கள். டிரெய்லர் இல்லாத முன்வண்டியை எடை மேடையில் ஏற்றினால் 17,000, 18,000 பவுண்டுதான் காட்டும். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது 52,000 பவுண்டு வண்டியே.

சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஏர் பிரேக்கை (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை) முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் 125 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிரெய்லர் கட்டாத வண்டியில் ஒரு நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், சுமார் 60ஐ நெருங்கும்போது எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். இன்னும் மிதித்தால், 45க்கும் 20க்கும் இடையில் எங்கோ பார்க்கிங் பிரேக்கின் குமிழ் ‘டப்’ என்று தானாகவே வெளியே வந்துவிடும். முதன்முறை அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் இந்த வண்டி காரைப் போன்றது அல்ல என்று எனக்கு உறைத்தது.

பதில் 2 (தேசாந்திரி)

பதிவிலும் வரியிலும் நான் பட்டதைச் சொல்கிறேன். நான் வண்டியைப் பதியப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் செமி டிரக் என்று கேட்ட மாத்திரத்தில், சரக்கு வண்டிகளுக்கு வழக்கமாக எழுதும் 80,000 பவுண்டையே பதிவு எடையாக எழுதிவிட்டார். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டுவிட்டேன். அதனால் வந்த செலவு பிறகுதான் தெரிந்தது. கூட்டரசின் கனரக வாகன வரி, அதாவது படிவம் 2290, வாடகை வண்டிக்கு மட்டுமானது அல்ல. வரிக்குரிய எடை 55,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் சொந்த வண்டிக்கும் அது பொருந்தும். 55,000க்கு 100 டாலரில் தொடங்கி, ஒவ்வொரு 1,000 பவுண்டுக்கும் 22 டாலர் ஏறி, 75,000ஐத் தாண்டினால் ஆண்டுக்கு 550 டாலரில் நிற்கும்.

வரிக்குரிய எடை தகட்டில் இருக்கும் எண் அல்ல. வெறும் முன்வண்டி, வழக்கமாக இழுக்கும் டிரெய்லர், வழக்கமாக ஏற்றும் அதிகபட்சச் சுமை ஆகிய மூன்றையும் கூட்டினால் வருவது. உங்களுக்கு அது 36,000, 37,000 பவுண்டு அளவில்தான் வரும், ஆகவே வரியே இல்லை. ஆனால் மாநிலப் பதிவில் அறிவித்த எடையைவிடக் குறைத்து வரிக் கணக்கில் காட்ட முடியாது. பதிவில் 80,000 என்று எழுதிக்கொடுத்த நான் முழு 550 டாலரையும் கட்டினேன். அந்தப் படிவத்தைச் சமர்ப்பிக்க சமூகப் பாதுகாப்பு எண் உதவாது; தொழில்களுக்கு வரித்துறை தரும் இ.ஐ.என். என்ற தனி எண் வாங்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 5,000 மைலுக்குள் ஓடும் வண்டிக்கு வரி நிறுத்திவைக்கப்படும் என்றாலும், அதற்கும் படிவத்தை அனுப்பத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு பதிவு எடையைத் திருத்திய பிறகுதான் எனக்கு விடிவு பிறந்தது. கையெழுத்திடும் முன் அந்த ஒரு கட்டத்தைத் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

முன்வண்டியின் படுக்கை அறையில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை நிரந்தரமாகப் பொருத்தி, அதை மோட்டார் வீடாகவே பதிந்துகொள்பவர்களும் உண்டு. எந்தெந்த வசதிகள் இருக்க வேண்டும் என்பதை மாநிலம்தான் தீர்மானிக்கும். ஆனால் சிரமத்துக்குப் பலன் இருக்கிறது. மாநிலங்கள் எரிபொருள் வரியைப் பகிர்ந்துகொள்வதற்கான இஃப்டா ஒப்பந்தம் ஆர்.வி.களுக்கு விலக்குத் தருகிறது. அதற்கு உதாரணமாக மோட்டார் வீடு, தங்கும் அறை பொருத்திய பிக்கப், பேருந்து ஆகியவற்றைச் சொல்கிறதே ஒழிய, வெறும் முன்வண்டியைச் சொல்லவில்லை. சாதாரண கார் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் செமி டிரக் என்றதும் கையை விரித்துவிடும். மோட்டார் வீடு என்று பதிந்திருந்தால் பேச்சு எளிதாகும். என் கதவிலும் ‘வாடகைக்கு அல்ல’ என்று எழுதியிருக்கிறேன். இதுவரை சிக்கல் வந்ததில்லை.

நெடும்பயணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவு எடையைப் பற்றி நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். என் மனைவி மண்பாண்டங்கள் செய்வார். போகும் வழியில் கண்காட்சிகளில் அவற்றை விற்கலாம், எரிபொருள் செலவில் ஒரு பகுதியாவது கிடைக்கும் என்று நினைத்தோம். டிரெய்லரில் நாலைந்து பெட்டிகள்தான் இருக்கும். அதனால் ஏதும் மாறிவிடுமா?

பதில் 3 (கணக்கர்)

மாறும் ஐயா, அனைத்துமே மாறிவிடும். நல்லவேளையாக வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள்.

கதவில் எழுதும் வாசகத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. முந்தைய நண்பருக்குச் சிக்கல் வராததற்குக் காரணம் அவர் உண்மையாகவே சொந்தப் பயணம் போவதுதான். ‘வாடகைக்கு அல்ல’ என்பதும் ‘வணிகம் அல்ல’ என்பதும் வேறு வேறு. தன் சொந்தச் சரக்கைத் தானே கொண்டுபோய் விற்கும் கடைக்காரரின் வண்டியும் வாடகைக்கு அல்லதான். ஆனால் அது வணிக வாகனம்.

தனிநபர் தன் சொந்தப் பொருள்களை எப்போதாவது கொண்டுசெல்வதற்குக் கூட்டரசு விதிகளில் விலக்கு உண்டு; கூலி வாங்கக் கூடாது, எந்தத் தொழிலையும் வளர்ப்பதற்காக இருக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு. குதிரைப் போட்டிக்கும் கார் பந்தயத்துக்கும் பெரிய வண்டியில் போகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்டதற்கு அரசு தந்த விளக்கம் உங்களுக்கும் வழிகாட்டும்: பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாகக் காட்டி, அதற்கான செலவைத் தொழில் செலவாகக் கழிக்காமல், நிறுவன விளம்பர ஆதரவும் பெறாமல் இருந்தால் அது சொந்தப் பயணம். விற்பதற்கென்றே பெட்டிகளை ஏற்றி, எரிபொருள் செலவை அந்த விற்பனையில் ஈடுகட்டுவது இதற்கு நேர் எதிரானது. நாலு பெட்டியா, நாற்பது பெட்டியா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

அப்போது 26,001 பவுண்டு விதி உங்கள் மேல் முழுதாக வந்து இறங்கும். சி.டி.எல். வேண்டும், 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக எடுப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடிக்காமல் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியாது. அதிகபட்சம் 24 மாதங்களுக்கே செல்லும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டி மாநில எல்லை கடந்து வணிகத்தில் ஓடுவதால், கூட்டரசுப் போக்குவரத்துத் துறை தரும் யு.எஸ்.டாட் எண்ணும் வேண்டும். விபத்து ஏதும் நடந்துவிட்டால், சொந்த உபயோகம் என்று எழுதிக்கொடுத்து வாங்கிய காப்பீடு அந்தப் பெட்டிகளைக் காரணம் காட்டியே கைவிடக்கூடும். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

உங்கள் மனைவியின் பாண்டங்கள் விற்க வேண்டும் என்பதே என் விருப்பமும். அவற்றை வீட்டிலிருந்தே பார்சலில் வாங்குபவர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். டிரெய்லரில் நீங்கள் சமைக்கும் சட்டியைத் தவிர வேறு பாண்டம் எதுவும் ஏற வேண்டாம்.