பஸ்பார் தாங்கிகளின் இடைவெளியும் பரிவும்

வினா (வெள்ளவத்தை):
வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு கட்டடத்தின் சுவிட்ச்போர்ட்டில் 80 × 10 மி.மீ. செம்புப் பஸ்பார்களை (மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் தட்டையான சட்டங்களை), அகன்ற முகங்கள் ஒன்றையொன்று நோக்க, 600 மி.மீ. இடைவெளியில் தாங்கிகள் வைத்துப் பொருத்த எண்ணியுள்ளேன். குறுஞ்சுற்று விசையால் எழும் வளைவுத் தகைப்பு எல்லைக்குள் உள்ளது. பரிவையும், அதாவது விசையின் துடிப்பு பஸ்பாரின் இயற்கை மீடிறனோடு (தட்டினால் அது தானாக அதிரும் வீதத்தோடு) ஒத்துப்போய் அதிர்வு பெருகுவதையும், தனியே சோதிக்க வேண்டுமா?

மறுமொழி (இரத்மலானை):
கட்டாயம் சோதியுங்கள். விசை மின்னோட்டங்களின் பெருக்கற்பலனைப் பொறுத்தது என்பதால், நமது 50 ஹேர்ட்ஸ் வழங்கலில் அது 100 ஹேர்ட்ஸில் துடிக்கும்; குறுஞ்சுற்றின் தொடக்கத்தில் நேரோட்டக் கூறும் சேர்வதால் 50 ஹேர்ட்ஸிலும் துடிக்கும். உங்கள் பஸ்பாரின் இயற்கை மீடிறன், முனைகள் இறுகப் பிடிக்கப்பட்டால் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ், வெறுமனே தாங்கப்பட்டால் ஏறத்தாழ 45 ஹேர்ட்ஸ். ஒன்று 100க்கும் மற்றது 50க்கும் அருகில் இருப்பதால், இரண்டுமே எனக்குக் கவலை தருகின்றன.

வினவியவர்:
நன்றி ஐயா. 450 மி.மீ. போதுமா?

மறுமொழி (தெகிவளை):
போதாது. உண்மையான பிடிமானம் அந்த இரு நிலைகளுக்கும் இடையிலேயே இருக்கும், 450 மி.மீ.க்கு அந்த வீச்சு 80 முதல் 180 வரை செல்வதால் 100 அதற்குள் அகப்படுகிறது. 350 மி.மீ. என்றால் தாழ்ந்த எல்லையே 130ஐத் தாண்டும். இணைப்புத் தகடுகளின் திணிவு மீடிறனைக் குறைக்கும் என்பதால், பொருத்திய பின் சுத்தியலால் தட்டி, அதிர்வுமானியால் அளந்து பாருங்கள்.