புதுப்பிப்பு: பீடிங் அடிக்க எந்த நெய்லர்?
வீட்டுப் பட்டறையில் பீடிங் (பலகை விளிம்பை மூடும் மெல்லிய மரச்சட்டம்) அடிக்க விலை குறைவான ஃபினிஷ் நெய்லர் (ஆணி அடிக்கும் கருவி) வேண்டும், பேட்டரியில் ஓடுவதா காற்றழுத்தத்தில் ஓடுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ‘கம்ப்ரசர்தான் இருக்கிறதே, காற்றில் ஓடும் எஃப்30 நெய்லர் போதும்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. மெல்லிய 18 கேஜ் ஆணி, 30 மி.மீ. நீளம் வரை போடலாம்.

பிளைவுட் அலமாரிக்குத் தேக்கு பீடிங் அடித்தேன். 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஆணித்தலை துருத்திக்கொண்டு நின்றது. 90க்கு ஏற்றியதும் உள்ளே இறங்கிவிட்டது. குழியை அடைக்க மேலே துளி வுட் புட்டி, அவ்வளவுதான்.

எதிர்பாராதது ஒன்று: ஓர் ஆணி உள்ளுக்குள்ளேயே வளைந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. நல்லவேளை, விரல் தப்பியது! நெய்லரை பீடிங்கின் நீளத்துக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தபின் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், கதவு நிலைச் சட்டத்துக்கெல்லாம் 30 மி.மீ. பத்தாது; அதற்கு இன்னும் நீளமான ஆணி போடும் எஃப்50 பாருங்கள்.