கெட்டிப் பனிப்பாதையில் மட்டும் ஸ்னோமொபைல் சூடாகிறது, எதை மாற்றுவது?

வெண்தடம்:
வணக்கம். பழைய வண்டியாக வாங்கியது. 600 சிசி டூ ஸ்ட்ரோக், லிக்விட் கூல்டு, ட்ராக் (அடியில் சுழலும் ரப்பர் பட்டை) நீளம் 137 அங்குலம், லக் (அந்தப் பட்டையில் துருத்தி நிற்கும் பல்) உயரம் 1.25 அங்குலம். புதுப்பனி விழுந்த நாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பகலில் உருகி இரவில் உறைந்து, கண்ணாடி மாதிரி இறுகிப்போன பாதையில் ஓட்டினால் மட்டும் கால் மணி நேரத்துக்குள் டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம் கட்டி ஆறவிட்டால் விளக்கு அணைகிறது, கிளம்பினால் மறுபடி அதே கதை. கூலன்ட் அளவு சரியாக இருக்கிறது, எங்கும் ஒழுகல் இல்லை. மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை ஓடவிடும் வால்வு), வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். குழுவாகப் பல நாள் நீளும் பயணம் ஒன்று வருகிறது. மாற்றிவிடலாமா? இல்லை, நெடுந்தூரத்துக்கு இந்த வண்டியே சரிப்படாதா, ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போவதுதான் நல்லதா?

பட்டறைக்காரன்:
கொஞ்சம் பொறுங்க, இன்னும் எதையும் கழட்ட வேணாம். உங்க வண்டிக்குப் பனிதான் ரேடியேட்டர். காரில் இருக்கிற மாதிரி முன்னாடி காத்து வாங்குற ரேடியேட்டர் இதில் கிடையாது. ட்ராக் சுத்துற டனலுக்கு உள்பக்கம் அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும், கூலன்ட் அது வழியாத்தான் போகும். ட்ராக் பனியை வாரி அதுமேல் அடிக்கணும், அந்தப் பனி உருகும்போது சூட்டை இழுத்துக்கும். இறுகின பாதையில் வாரி அடிக்க உதிரிப்பனியே இல்லை. அப்ப பம்ப் எவ்வளவு நல்லா ஓடினாலும் கூலன்ட் சூடாத்தான் திரும்பி வரும்.

கருகும் வாடை வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் இதே காரணம்தான். ட்ராக்குக்கு உள்ளே நீளவாக்கில் ரெண்டு அலுமினியச் சட்டம் இருக்கும், அதைத்தான் ரெயில்னு சொல்வோம்; அந்த ரெயிலுக்கு அடியில் ஸ்லைடர்னு ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், ட்ராக்கில் இருக்கிற இரும்புக் கிளிப்புகள் அதன்மேல் வழுக்கிக்கிட்டே ஓடும். அதுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது, பனி ஈரம் மட்டும்தான். ஈரம் கிடைக்கலைன்னா உராய்வில் உருக ஆரம்பிச்சிடும். எஞ்சின் சூடும் ஸ்லைடர் வாடையும் ஒரே நேரத்தில் வந்தா, நான் முதலில் சந்தேகப்படுவது பனி கிடைக்காததைத்தான்.

ரெயிலில் ஐஸ் ஸ்கிராட்சர் இருக்கான்னு பாருங்க. பாதையைக் கீறிக்கிட்டே வர்ற கம்பி, பக்கத்துக்கு ஒண்ணு. அது கீறித் தூவுற பனித்தூள்தான் எக்ஸ்சேஞ்சருக்கும் ஸ்லைடருக்கும் போகும்.

நெடும்பயணி:
மேலே சொன்னது சரிதான். ஆனாலும் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகக் கூடாது. சோதிக்கச் செலவு இல்லை. விளக்கு எரியும் நிலைக்கு வந்ததும் உடனே பக்கத்தில் உதிரிப்பனி உள்ள இடத்துக்கு இறங்கி, மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். சூடு மளமளவென்று இறங்கினால் கூலன்ட் ஓடுகிறது, பம்பும் தெர்மோஸ்டாட்டும் வேலை செய்கின்றன என்று பொருள். நல்ல பனியிலும் இறங்கவில்லை என்றால்தான் உள்ளே தேட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முன் உரிமையாளர் கூலன்ட் மாற்றிவிட்டுக் காற்றைச் சரியாக வெளியேற்றாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விளக்கு எரிய எரிய ஓட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரை உரசிவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும், அதுவும் ஆளில்லாத காட்டு நடுவில். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியையும் திறக்கக் கூடாது, கொதிநீர் முகத்தில் பாயும்.

வெண்தடம்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று உட்கார்ந்து பார்த்தேன். உதிரிப்பனியில் இறங்கியதும் ஒரு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிட்டது. ரெயில் இரண்டிலும் போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது, ஸ்கிராட்சர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் கழற்றியிருக்க வேண்டும். வண்டியைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்தபோது, ட்ராக் கிளிப்புகளின் ஓரத்தில் கருப்புப் பிளாஸ்டிக் உருகி நகக்கண் அளவுக்குத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஸ்லைடர் பின்பக்கம் பரவாயில்லை, முன்னால் ரெயில் வளையும் இடத்தில் நன்றாகத் தேய்ந்து பக்கவாட்டுக் கோட்டைத் தொட்டுவிட்டது.

பட்டறைக்காரன்:
அந்தக் கோடுதான் எல்லை. ரெண்டு பக்க ஸ்லைடரையும் சேர்த்தே மாத்திடுங்க. கோட்டைத் தாண்டி ஓட்டினா கிளிப்பு நேரா அலுமினிய ரெயிலைத் தின்ன ஆரம்பிக்கும், அப்புறம் செலவு வேற மாதிரி ஆயிடும். முன்பக்கம் மட்டும் தேயுதுன்னா ட்ராக் இறுக்கத்தையும் பாருங்க. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, கீழ்ப்பக்க ட்ராக்கில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஸ்லைடருக்கும் ட்ராக்குக்கும் நடுவில் எவ்வளவு தொய்யுதுன்னு அளக்கணும். எவ்வளவு எடை, எந்த இடத்தில் கட்டணும், எத்தனை மில்லிமீட்டர் தொய்யணும்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலில் இருக்கிற அளவைத்தான் எடுத்துக்கணும். அளவுக்கு மீறி இறுக்கினா ஸ்லைடர் சீக்கிரம் போகும். ரொம்பத் தளர்ந்தா ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டிரைவ் பல் ட்ராக்கைத் தாண்டிக் கடகடன்னு அடிக்கும். பின் ஆக்சில் போல்ட்டைத் தளர்த்திட்டு ரெண்டு பக்கமும் ஒரே அளவு திருகுங்க. அப்புறம் ட்ராக்கை மெதுவா ஓடவிட்டு நடுவில் ஓடுதான்னு பாருங்க. ட்ராக் சுத்தும்போது பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. கல்லோ ஐஸ்கட்டியோ தெறிச்சா கண்ணு போயிடும்.

வெண்தடம்:
சரிங்க. ஸ்கிராட்சரில் எந்த வகை வாங்குவது? இரண்டு மூன்று விதம் இருக்கிறதே.

நெடும்பயணி:
நெடும்பயணத்துக்கு என் ஓட்டு கேபிள் வகைக்கு. ரிவர்ஸ் எடுத்தாலும் வளைந்து கொடுக்கும். விறைப்பான கம்பி வகை நன்றாகக் கீறும், ஆனால் அதைத் தூக்கி மாட்டாமல் ரிவர்ஸ் போனால் வளையும் அல்லது முறியும். எதுவானாலும் ஆழமான புதுப்பனியில் தூக்கி மாட்டிவிடுங்கள், அங்கே அதற்கு வேலை இல்லை. தார்ச்சாலையைக் கடக்கும்போதும் அப்படியே, இல்லாவிட்டால் முனை சீக்கிரம் மழுங்கும்.

குழுவாகப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஸ்கிராட்சர் கிளப்பும் பனித்தூள் பின்னால் வருபவரின் பார்வையை மறைக்கும். இடைவெளியை வழக்கத்தைவிட நன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குளிர்காலவாசி:
ஸ்கிராட்சர் வரும்வரை பாதை ஓரத்திலேயே ஓட்டினால் போதுமே? அங்கே உதிரிப்பனி கிடக்கும், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

நெடும்பயணி:
எப்போதாவது ஒரு நிமிடம் என்றால் சரி. அதை வழக்கமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஓரத்துப் பனிக்கு அடியில் மரக்கட்டை, பாறை, வாய்க்கால் எது இருக்கிறதென்று தெரியாது. பாதைக்கு வெளியே உள்ள நிலம் பல இடங்களில் தனியாருடையது, அவர்கள் மனமுவந்து வழிவிடுவதால்தான் பாதையே இருக்கிறது. நேரத்தை மாற்றிப் பாருங்கள். உருகி உறையும் நாட்களில் விடிகாலைதான் மிகவும் இறுகியிருக்கும். வெயில் ஏறி மேல்பரப்பு கொஞ்சம் இளகிய பிறகு கிளம்பினால் குளிர்ச்சியும் கிடைக்கும், முன்னால் வண்டியைத் திருப்பும் ஸ்கீயும் பனியைப் பிடிக்கும். குரூமர் (பாதையைச் சமன்செய்யும் வண்டி) இப்போதுதான் சமன்செய்துவிட்டுப் போன பாதையில் மட்டும் உடனே ஏறாதீர்கள். அது சில மணி நேரம் உறைந்து இறுக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் பாடு வீண்.

பட்டறைக்காரன்:
ஃபோர் ஸ்ட்ரோக் கேட்டிருந்தீங்க, அதுக்கு யாரும் பதில் சொல்லலையே. இந்தப் பிரச்சினைக்காக மாத்தாதீங்க. லிக்விட் கூல்டு ஃபோர் ஸ்ட்ரோக்கும் பனியை நம்பித்தான் ஓடுது, சிலதில் கூடுதலா ஒரு ரேடியேட்டரும் ஃபேனும் வெச்சிருப்பாங்க. எரிபொருள் மிச்சம், சத்தம் கம்மி, எண்ணெய் டப்பா சுமக்க வேணாம், அதுக்காக வாங்கலாம். எடை கூடும், பனியில் புதைஞ்சா ஒரு ஆளா தூக்கறது கஷ்டம். ஃபேன் கூல்டு எஞ்சினுக்கு இந்தச் சூட்டுத் தொல்லை குறைவு, ஆனா அதிலும் ஸ்லைடருக்கு ஈரம் வேணும். மலைப்பனிக்குன்னு செஞ்ச 154 அங்குல, உயர லக் வண்டிகளை மட்டும் கெட்டிப் பாதைக்குக் கொண்டுவராதீங்க, உங்களைவிடச் சீக்கிரம் சூடாகும். பாதையிலேயே ஓடுறதுக்கு உங்க 137ம் 1.25ம் நல்ல அளவுதான்.

வெண்தடம்:
ஸ்லைடர் மாற்றி, ட்ராக்கைச் சரிசெய்து, கேபிள் ஸ்கிராட்சரும் மாட்டியாயிற்று. இன்று அதே இறுகிய பாதையில் ஓட்டினேன். விளக்கு எரியவில்லை, வாடையும் இல்லை. நின்றதும் டனலுக்குள் கை வைத்துப் பார்த்தேன், உள்பக்கம் முழுவதும் ஈரப்பனி அப்பியிருந்தது. தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. பயணத்துக்கு உதிரி பாகம் ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பட்டறைக்காரன்:
டிரைவ் பெல்ட் கண்டிப்பா ஒண்ணு. புதுசை அப்படியே பெட்டியில் வெச்சுக்காம, கொஞ்ச தூரம் நிதானமா ஓட்டிப் பழக்கிட்டு அப்புறம் எடுத்து வைங்க. ஸ்பார்க் பிளக் ஒரு ஜோடி, ஸ்கிராட்சருக்கு உதிரி போல்ட்டும் நட்டும். முதல் நாள் சாயங்காலம் அந்தப் போல்ட்டையெல்லாம் ஒருமுறை இறுக்கிப் பாருங்க, புதுசா மாட்டினது அதிர்வில் தளரும்.